கோபாலபுரத்தில் ஒரு விபத்து வழக்கு வக்கீல்: லேத் பட்டறைக்காரனின் ரிவ்யூ

ஐந்துக்கு நாலு ஸ்டார். ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வக்கீல் பெயரை இங்கே போடவில்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ரிவ்யூ எழுதப் போகிறேன் என்றதும் "பேர் வேண்டாங்க, வேலையை மட்டும் எழுதுங்க" என்று மேடமே சொல்லிவிட்டார். கோவை கோர்ட்டுக்குப் பக்கம், கோபாலபுரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. சீனியர் மேடம், இரண்டு ஜூனியர்கள், ஒரு குமாஸ்தா அண்ணன். ஏ.சி. மேடம் அறையில் மட்டும்.

நான் கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் ஷாஃப்ட், புஷ் என்று ஜாப் ஒர்க். 2023 ஆரம்பத்தில் சத்தி ரோட்டில் என் பைக்கை ஓவர்டேக் செய்த கார், இண்டிகேட்டர் போடாமல் இடது பக்கச் சந்துக்குள் திரும்பியது. வலது மணிக்கட்டு உடைந்து, பிளேட் வைத்து ஆபரேஷன். லேத் ஓட்டும் டர்னருக்கு வலது மணிக்கட்டு என்றால் என்ன என்று தொழில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது எனக்கு 43 வயது.

இந்த ஆபீஸைப் பற்றிச் சொல்வதற்கு முன் எனக்குக் கிடைத்த இன்னொரு 'சேவை'யைச் சொல்லியாக வேண்டும். ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த மறுநாளே ஒருவர் கட்டிலருகே வந்து நின்றார். கையில் ஃபைல். என் பெயர், கார் நம்பர், எஃப்.ஐ.ஆர். நம்பர் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. "அண்ணா, இருபது லட்சம் கிளெய்ம் பண்ணித் தர்றோம். நீங்க அஞ்சு பைசா தர வேண்டாம். வர்றதுல இருபது பர்சன்ட் மட்டும் எங்களுக்கு" என்றார். நீட்டிய காகிதங்களில், நமக்காக வழக்கு நடத்த வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் வக்காலத்தும் இருந்தது, வக்கீல் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. என் மனைவி விவரமானவள். "அவருக்குக் கையெழுத்துப் போடுற கைதாங்க உடைஞ்சிருக்கு, அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டாள்.

அப்படிப் பங்கு பேசுவதே விதிப்படி தப்பு என்பது மேடம் சொல்லித்தான் தெரிந்தது. ஜெயித்தால்தான் ஃபீஸ் என்று பேசுவதையும், கிடைக்கும் தொகையில் சதவீதம் கேட்பதையும் பார் கவுன்சில் விதி தடுக்கிறது. ஆனால் கோவையில் நான் விசாரித்த பலரும் பர்சன்டேஜ் கணக்கில்தான் பேசினார்கள். இந்த ஆபீஸில் மொத்த ஃபீஸ் 40,000 ரூபாய் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். மனு போடும்போது ஒரு பங்கு, சாட்சி விசாரணையின்போது ஒரு பங்கு, முடிந்ததும் மீதி. காசு இல்லாதவர்களுக்கு முன்பணம் ஒரு தடையாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. அதற்கும் மேடம் வழி சொன்னார். கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், 15100 என்ற எண்ணில் கேட்கலாம் என்றார். வந்த கட்சிக்காரரிடம் இலவச வழியைச் சொல்கிற வக்கீலை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

முதல் நாள் போனபோது எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டேன். மேடம் அதற்குப் பதில் சொல்லாமல், என்னென்ன பேப்பர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். எஃப்.ஐ.ஆர். நகல், போலீஸ் எடுத்த வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, ஆஸ்பத்திரியின் ஆக்சிடன்ட் ரிஜிஸ்டர் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில்கள். என்னிடம் இருந்தது பாதிதான். போலீஸ் பக்கத்துக் காகிதங்களைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவிலிருந்து குமாஸ்தா அண்ணனே வாங்கி வந்தார்.

ஆக்சிடன்ட் ரிஜிஸ்டர் நகலைப் பார்த்ததும்தான் மேடம் முகம் மாறியது. அதில் "டூ வீலரிலிருந்து விழுந்ததாக" என்று எழுதியிருந்தது. கார் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோன டீக்கடை அண்ணன் கேஷுவாலிட்டி டாக்டரிடம் "வண்டியில இருந்து விழுந்துட்டாருங்க" என்று சொல்லியிருக்கிறார், அவர் அதை அப்படியே எழுதிவிட்டார். இன்ஷூரன்ஸ் வக்கீலுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? தானாகச் சறுக்கி விழுந்தவர், காருக்குச் சம்பந்தமே இல்லை என்று வாதாடலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்தால், ஆஸ்பத்திரியில் முதலில் வாய் திறப்பவர் எந்த வண்டி இடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். பின்னால் எத்தனை வக்கீல் வைத்தாலும் அந்த முதல் வரியை அழிக்க முடியாது.

மேடம் அதை அழிக்கப் பார்க்கவில்லை, சுற்றிலும் ஆதாரம் வைத்தார். காரின் இடது பக்க முன் மட்கார்டு நசுங்கியிருந்ததை ஆய்வாளர் குறித்திருந்தார். கார் ஓட்டியவர் மேஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிய தீர்ப்பு நகலை வாங்கிச் சேர்த்தார். கடைசியாக டீக்கடை அண்ணனையே இரண்டாம் சாட்சியாகக் கூண்டில் ஏற்றினார். "நான்தானுங்க அப்படிச் சொன்னேன். கார் இடிச்சதாலதானுங்க விழுந்தாரு. விழுந்தவரைத் தூக்கிட்டு வந்தேன், அதனால விழுந்துட்டாருன்னு சொன்னேன்" என்று அவர் சொன்னதும் எதிர்த்தரப்பு வக்கீலே சிரித்துவிட்டார்.

கார்க்காரர் மேல் கேஸ் போடுவதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. மனிதர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். 20,000 ரூபாய் தருகிறேன், பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார். அவருடைய கைக்காசு போகப் போவதில்லை, மூன்றாம் நபர் காப்பீடு என்று வருஷா வருஷம் கட்டாயமாகக் கட்ட வைப்பதே இதற்காகத்தான் என்று மேடம் விளக்கினார். மனுவில் வண்டி உரிமையாளரும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் எதிர்மனுதாரர்கள். உரிமையாளர் கோர்ட்டுக்கே வரவில்லை, எக்ஸ்பார்ட்டி ஆனார், அதாவது அவர் இல்லாமலே வழக்கு நடந்தது. கடைசி வரை எதிரில் நின்றது கம்பெனிதான்.

காலக்கெடு விஷயத்தில் இவர்கள் கறார். 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தப்படி, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு முன்னால் ரொம்ப வருஷமாகக் கெடுவே இல்லை. அந்தப் பழைய நினைப்பில் "கை சரியாகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கட்டுப் பிரித்த கையோடு போன என்னிடம் வக்காலத்தில் கையெழுத்து வாங்கி உடனே தாக்கல் செய்தார்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றும் இல்லை, நாம் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். எனக்கு இரண்டும் கோவையாகிவிட்டதால் அலைச்சல் மிச்சம்.

இனி கணக்கு. நான் நாலு ஸ்டார் கொடுத்ததில் மூன்று இதற்குத்தான்.

இழப்பீடு என்பது நீதிபதி மனது வைத்துக் கொடுக்கும் தொகை என்றுதான் நினைத்திருந்தேன். மேடம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கோடு போட்டு விளக்கினார். மாத வருமானம். சொந்தத் தொழில் செய்பவருக்கு 40 முதல் 50 வயதுக்குள் என்றால் எதிர்கால வருமான உயர்வுக்காக 25 சதவீதம் கூட்ட வேண்டும். இது 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் சுப்ரீம் கோர்ட் வகுத்தது, 40 வயதுக்குக் கீழே என்றால் 40 சதவீதம். சாவு வழக்குக்கு வந்த தீர்ப்பு என்றாலும் நிரந்தர ஊனத்துக்கும் இதைச் சேர்க்க வேண்டும் என்று 2020-இல் இன்னொரு தீர்ப்பு வந்திருக்கிறது. இப்படிக் கூட்டி வந்த மாதத் தொகையை 12-ஆல் பெருக்கினால் வருஷக் கணக்கு. பிறகு வயதுக்கான பெருக்கல் எண். 2009-இல் சரளா வர்மா வழக்கில் அட்டவணையாகவே கொடுத்துவிட்டார்கள். 41 முதல் 45 வயது வரை 14. 26 முதல் 30 வரை 17, 56 முதல் 60 வரை 9. கடைசியில், அந்த ஊனம் எத்தனை சதவீதம் சம்பாத்தியத்தைக் குறைத்தது என்ற எண்.

என் விஷயத்தில் சண்டை இரண்டு எண்களில்தான். கம்பெனி தரப்பு என் மாத வருமானத்தை 12,000 என்றது, ஊனத்தை 10 சதவீதம் என்றது. அப்படிப் போட்டால் 12,000 கூட்டல் 25 சதவீதம் 15,000. வருஷத்துக்கு 1,80,000. பதினாலால் பெருக்கினால் 25,20,000. அதில் 10 சதவீதம் 2,52,000. எங்கள் தரப்பு 18,000 வருமானம், 20 சதவீதம் இழப்பு என்றது. 22,500, வருஷத்துக்கு 2,70,000, பதினாலால் பெருக்கினால் 37,80,000, அதில் 20 சதவீதம் 7,56,000. ஒரே சூத்திரம், இரண்டு எண் மாறியதற்கே ஐந்து லட்சம் வித்தியாசம். "இந்த ரெண்டு எண்ணுக்குத்தாங்க நீங்க எனக்கு ஃபீஸ் தர்றீங்க" என்றார் மேடம். டிராயிங் இல்லாமல் ஷாஃப்ட் கடையச் சொல்வது போல, இந்தத் தாளைக் காட்டாமல் இருபது லட்சம், முப்பது லட்சம் என்று பேசுகிறவர்களை நம்பவே வேண்டாம்.

வருமானத்துக்கு என்ன ஆதாரம்? எங்கள் தொழிலில் பாதி ரொக்கம். ஐ.டி. ரிட்டர்ன் போட்டதில்லை. டெலிவரி சலான்கள், ஜாப் ஒர்க் பில் புத்தகம், சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுச் சான்று, பட்டறை மின் கட்டண ரசீதுகள், பேங்க் பாஸ்புக் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார்கள். விபத்துக்கு முந்தைய மாதங்களில் எடுத்த ஜாப்களையும் பிந்தைய மாதங்களில் எடுத்தவற்றையும் ஜூனியர் பையன் ஒரு பட்டியலாகப் பிரித்து வைத்தான். அந்தப் பையனுக்குத் தனியாக ஒரு ஸ்டார் கொடுக்கலாம்.

ஊனத்துக்கு மருத்துவக் குழு முன்னால் போய் நின்றேன். வலது கைக்கு 30 சதவீதம் என்று சான்று வந்தது. நான் உடனே 30-ஐப் போட்டுப் பெருக்கிப் பார்த்துவிட்டேன். அது கைக்கான சதவீதம், முழு உடம்புக்கானது இல்லை, சம்பாத்திய இழப்புக்கானதும் இல்லை என்று மேடம் நிறுத்தினார். 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற வழக்கில் சுப்ரீம் கோர்ட் இந்த வித்தியாசத்தை விளக்கியிருக்கிறது. ஒரே காயம் என்றாலும் அவரவர் செய்யும் வேலையைப் பொறுத்து இழப்பு மாறும். எனக்கு மணிக்கட்டு முழுசாகத் திரும்புவதில்லை. கடைக்காரருக்கு அது சின்னக் குறை. எனக்கோ சக் கீயைப் போட்டு இறுக்க முடியாது, டெயில் ஸ்டாக் வீலைச் சுற்ற முடியாது, மைக்ரோமீட்டர் பிடித்தால் கை நடுங்குகிறது. மேடம் பட்டறைக்கே வந்து, கிரீஸ் ஒட்டாமல் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்று, ஒவ்வொரு கைப்பிடியையும் எந்தக் கையால் சுற்றுவேன் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். அதுதான் என் நிரூபண வாக்குமூலத்தில் இரண்டு பக்கமாக வந்தது.

குறுக்கு விசாரணையில் எதிர்பார்த்த கேள்வி வந்தது. "இப்பவும் பட்டறை நடத்திட்டுத்தானே இருக்கீங்க?" ஆமாம் என்றேன். ஆள் வைத்து நடத்துகிறேன், அவருக்குக் கொடுக்கும் சம்பளம் முன்னால் என் வீட்டுக்கு வந்த பணம் என்றேன். சம்பளம் கொடுத்த நோட்டு ஏற்கெனவே சான்றாவணமாகக் குறியிடப்பட்டிருந்தது. மேடம் என்னிடம் சொல்லி வைத்தது ஒன்றுதான்: கேட்டதற்கு மட்டும் பதில், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், கையை வேண்டுமென்றே மடக்கிக் காட்டாதீர்கள்.

மருத்துவச் செலவில் ஒரு விஷயம். முதல் 48 மணி நேரச் சிகிச்சை தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் போய்விட்டது. 2021-இல் தொடங்கிய திட்டம், அதில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். அரசு கட்டியதை நாம் இழப்பீட்டில் கேட்கக்கூடாது என்று மேடம் அதைக் கழித்துவிட்டார். நாங்கள் கட்டியது 1,60,000. ஒரிஜினல் பில் இல்லாத துண்டுச் சீட்டுகளைச் சேர்க்கவே இல்லை. எனக்கு அப்போது கோபம்தான். கோர்ட்டில் மருந்து பில்களில் ஒன்றைக்கூட எதிர்த்தரப்பு கேள்வி கேட்கவில்லை என்றபோது கோபம் போய்விட்டது. இவை தவிர வலி வேதனை, சத்தான உணவு, உதவியாளர் செலவு, போக்குவரத்து, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம் என்று தனித்தனித் தலைப்புகள் உண்டு. அவற்றில் பெரிய தொகை வராது.

மனு போடுவதற்கு முன்பே கம்பெனி ஆள் ஒருவர் மூன்று லட்சத்துக்குப் பேசிப் பார்த்தார். மேடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்குத் தாளை என் முன்னால் வைத்து, "குறைஞ்சபட்சம் அஞ்சு, நல்லா வந்தா பத்துக்குக் கொஞ்சம் மேலே. முடிவு உங்களுது" என்றார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தாளைப் பார்த்தாள். சரி, கேஸே நடக்கட்டும் என்றோம்.

சாட்சி விசாரணையெல்லாம் முடிந்த பிறகு 2025-இல் தேசிய மக்கள் நீதிமன்றத்துக்கு வழக்கு போனது. வருஷத்துக்கு நாலு தடவை போல நடக்கும் லோக் அதாலத். அங்கே ஆறு லட்சத்தில் ஆரம்பித்தார்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து 8,25,000-இல் முடிந்தது. தீர்ப்பு வரை போயிருந்தால் கூடுதலாக வந்திருக்கலாம், மனு தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டியும் கிடைத்திருக்கும், இங்கே பல தீர்ப்புகளில் 7.5 சதவீதம் போடுகிறார்கள். ஆனால் கம்பெனி ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகலாம். மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு அப்பீல் கிடையாது, கோர்ட் ஃபீஸும் திரும்பி வரும். எனக்கு அப்போது ஒரு செகண்ட் ஹேண்ட் சி.என்.சி. மெஷின் வாங்கும் அவசரம். அதில் சக் கீயைக் கையால் இறுக்க வேண்டாம். அதனால் ஒப்புக்கொண்டேன். பணம் கோர்ட் வழியாக நேராக என் பேங்க் கணக்குக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் மீதி ஃபீஸ் கொடுத்தேன்.

இனிக் குறைகள். போன் எடுக்க மாட்டார்கள். மேடம் கோர்ட்டில் இருப்பார், சரி. குமாஸ்தா அண்ணன் ஏன் எடுக்கக்கூடாது? வாய்தா தள்ளிப்போன நாட்களில் முன்கூட்டி ஒரு மெசேஜ் போட்டிருந்தால் பட்டறையைப் பூட்டிவிட்டு ஓடியிருக்க வேண்டாம். நகல் செலவு, ஸ்டாம்ப் செலவு என்று அவ்வப்போது இருநூறு, ஐநூறு வாங்குவார். கேட்டால் சிட்டை தருவார், கேட்காவிட்டால் தர மாட்டார். ஃபீஸைத் தாளில் எழுதிக் கொடுக்கும் ஆபீஸில் இது ஏன் இப்படி என்று மேடத்திடமே கேட்டேன். "சொல்றேன்" என்றார், மாறவில்லை. அப்புறம் லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி. கால் உடைந்தவர்கள்தான் இவர்களுடைய கட்சிக்காரர்களில் பாதிப்பேர். வாக்கர் வைத்திருந்த ஒரு அம்மாவை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி ஏற்றியதை நானே பார்த்தேன். கீழே ஒரு மேஜை போட்டால் என்ன?

எல்லா வழக்கையும் இவர்கள் எடுப்பதும் இல்லை. முழுக்கத் தன் தப்பால் விழுந்தவர் வந்தால், மூன்றாம் நபர் காப்பீட்டில் வழியில்லை என்று அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். வண்டிப் பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அது சாவுக்கும் பெரிய நிரந்தர ஊனத்துக்கும்தான், சாதாரண எலும்பு முறிவுக்கு வராது. இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் அரசுத் திட்டத்தில் கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம் உண்டு, அதற்கு மனு எழுதக் காசு வாங்குவதில்லை. அரசு பஸ் வழக்கு எடுப்பார்கள். தொகை கட்டாததால் அரசு பஸ் ஜப்தி என்று பேப்பரில் வருவதில் ஒன்றிரண்டு இவர்கள் வழக்கு என்று குமாஸ்தா அண்ணன் பெருமையாகச் சொல்வார்.

போகிறவர்கள் காலையில் போக வேண்டாம், எல்லோரும் கோர்ட்டில் இருப்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்கள். பில்களைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனால் ஜூனியர் பையன் சந்தோஷப்படுவான். செலவுக்குக் காசு கொடுத்தால் கையோடு சிட்டை கேட்டு வாங்குங்கள்.